இடது கைப் பிள்ளைகள்

பை மடியிலயே இருக்கட்டுங்க சார். மேல வச்சா எவனாவது அது மேல பலாப்பழத்தைத் தூக்கி வைப்பான். உள்ள என் சர்ட்டிபிகேட்டு இருக்கு. எம்.ஏ., எம்.ஃபில்., ரெண்டும் ஒரிஜினல்.

நீங்க திருச்சி வரைக்குமா? நல்லதாப் போச்சு. நானும் திருச்சிதான். அங்கிருந்து ஏர்போர்ட்டு, அப்புறம் கொழும்பு, அப்புறம் மாலத்தீவு. ஆமாங்க, வேலைக்குத்தான். இந்த வயசுலயான்னு பாக்கறீங்க. இங்கிலீஷ் வாத்தியார் வேலை. அம்பத்தெட்டு வயசுல ஒரு மனுசன் பொண்டாட்டி புள்ளைய விட்டுட்டுக் கடல் தாண்டிப் போறான்னா அதுக்கு ஒரே காரணம் ஒரு பஸ் டிரைவர். இந்த டிரைவர் இல்லீங்க, இவரு பாவம். அது வேற ஆளு, வெள்ளைக்காரன்.

நாமக்கல் ஸ்டாண்டுல நின்னு சிரிச்சுதே, அந்தப் பொண்ணா? என் மகதாங்க. மிருதுளா. ஒம்பதாவது முடிச்சு இப்பப் பத்தாவது. அதுக்கு வர்றேன். மொதல்ல டிரைவர் கதையைக் கேளுங்க.

நான் வேலை பாத்த பள்ளிக்கூடம் பேரு வேண்டாம். தாளாளர் அருணகிரி கோழிப்பண்ணை வச்சுச் சம்பாதிச்சவர், அந்தச் சம்பாத்தியத்துல பள்ளிக்கூடம் கட்டினாரு. ரெண்டுக்கும் அவரு பெருசா வித்தியாசம் பாக்க மாட்டாரு. நேரத்துக்குத் தீனி, நேரத்துக்கு லைட்டு, வருசக் கடைசியில எடை. குறை சொல்லலீங்க. அவருதான் என்னை மதிச்ச மனுசன். சென்னியப்பன் சார் இல்லாட்டி இந்தப் பள்ளிக்கூடத்துல இங்கிலீஷே இல்லைன்னு மேடையிலயே சொல்லியிருக்காரு. வைஸ் பிரின்ஸிபால் ரிட்டையர் ஆகப் போறாரு, வர்ற ஜூன்ல இருந்து அந்த நாற்காலி உங்களுக்குத்தான்னு அவரா வாயைத் தொறந்து சொன்னாரு. என் சம்சாரம் கலாமணி அதைச் சொந்தபந்தம் பூரா போன் போட்டுச் சொல்லிட்டா. கொழுந்தியா வீட்டுக்காரர்கூட போன் பண்ணி, வைஸ் பிரின்ஸிபால் சார் சவுக்கியமான்னு கேட்டாரு. அந்த மாதிரி இருந்த நேரம்.

அப்பத்தான் தீபாவளி முடிஞ்சு அந்தக் கிழவன் வந்து எறங்கினான். டெரெக்குன்னு பேரு. அறுபத்தொம்பது வயசு. சொந்த ஊரு இங்கிலாந்துல வடக்க எங்கியோ. படிப்பு? ஒண்ணுமில்ல சார். டவுன் பஸ் ஓட்டினவன். வாழ்க்கை பூரா பஸ்ஸு. பொண்டாட்டி செத்துப் போயிட்டா, பையன் ஆஸ்திரேலியாவுல. வீட்டுல தனியா உக்காந்திருந்தா செவுரு பேசுதாம். அதுக்குக் கம்ப்யூட்டர்ல ஒரு மாசம் ஏதோ கோர்ஸ் படிச்சுட்டு, வெளிநாட்டுல இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கப் போறேன்னு கெளம்பிட்டான். செவுரு பேசுதுன்னா டாக்டர்கிட்டப் போகணும். நாமக்கல்லுக்கு எதுக்கு வரணும்?

இந்த மாதிரி கெழடுங்க நெறைய சுத்துதாம் சார். தாய்லாந்து, வியட்நாம், கம்போடியான்னு. சொந்த ஊருல யாரும் சீந்தாதது எல்லாம் ஒரு தொப்பியப் போட்டுக்கிட்டு வந்து எறங்குது. வெளுத்ததெல்லாம் பாலுன்னு நம்பறதுக்கு நம்ம ஜனம் இருக்கே.

நான் ஒண்ணு கேக்கறேன். இதோ ஓட்டறாரே நம்ம டிரைவர் அண்ணன், இவரைக் கொண்டுபோயி லண்டன்ல தமிழ் வாத்தியாரா உக்கார வச்சா ஒத்துக்குவாங்களா? புணர்ச்சி விதி சொல்லுய்யான்னு கேக்க மாட்டாங்க? இங்க யாரும் கேக்கல. தாளாளர் ஒரு ஃப்ளெக்ஸ் அடிச்சாரு பாருங்க, மோகனூர் ரோட்டுல இருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும். ‘உங்கள் குழந்தைக்கு இனி இங்கிலாந்து ஆசிரியர்.’ கிழவன் மூஞ்சி செவசெவன்னு அதுல. அதே எடத்துல முன்னாடி என் படம் இருந்துச்சு. சின்னதுதான், ஆனா இருந்துச்சு.

ஸ்டாஃப் ரூம்ல நான் சும்மா இருக்கல. எல்லாரும் இருக்கற நேரமாப் பாத்து, இலக்கணத்துல நவுன் கிளாஸுக்கும் அட்ஜெக்டிவ் கிளாஸுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டேன். மரியாதையாத்தான் கேட்டேன். அவன் யோசிச்சுப் பாத்துட்டுச் சிரிச்சான். பஸ்ஸு இஞ்சினுக்குள்ள என்ன இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது, ஆனா ஓட்டுவேன்னான். ஸ்டாஃப் ரூமே சிரிக்குது. என்னைப் பாத்துத்தான் சிரிக்கறாங்கன்னு நான் நெனைக்கல. அவனைப் பாத்துத்தான்.

போதாக்குறைக்குக் காது செவிடு. மெஷின் வச்சிருந்தான். அது நம்மூர் வேர்வைக்கு ஒத்துக்காம கீச்சுகீச்சுன்னு கத்தும். கழட்டிச் சட்டைப் பையில போட்டுக்குவான். அப்புறம் எப்படிப் பாடம் நடத்தறது? ஒரு புள்ள ஏதாவது சொன்னா கிட்டப் போயி, குனிஞ்சு, கையைக் காதுல வச்சுக்கிட்டு நிப்பான். அகெயின், டியர்ம்பான். அது மறுபடி சொல்லும். இன்னொரு தடவைம்பான். அதுக்குள்ள நான் ஒரு கட்டுரை டிக்டேட் பண்ணி, ஒப்பிக்க வச்சு, அடுத்ததுக்குப் போயிருப்பேன். இவன் பீரியட் முடிஞ்சு வந்தா போர்டுல ஒரு எழுத்து இருக்காது. புள்ளைங்க தொண்டை கட்டிக்கிட்டு வெளிய வரும். அவ்வளவுதான் அவன் நடத்தின பாடம்.

எழுதறது இடது கையில. சாப்பிடறதும் அதே கையிலதான் சார். ஹாஸ்டல் சமையக்கார அம்மா பரிமாறும்போது மூஞ்சியத் திருப்பிக்குவாங்க. இதை எதுக்குச் சொல்றேன்னா, என் பொழப்பு போனதே அந்தக் கையாலதான்.

எங்க ஸ்கூல்ல ஒரு ஏற்பாடு இருக்குங்க. இன்ஸ்பெக்ஷன் வருது, இல்ல அட்மிஷன் நேரத்துல பெத்தவங்களைக் கூப்பிட்டு டெமோ கிளாஸ் காட்டறோம்னு வைங்க. டீச்சர் கேள்வி கேட்டா நாலு புள்ள மட்டும் கையத் தூக்கினா எப்படி இருக்கும்? அசிங்கமா இருக்கும். அதனால எல்லாரும் தூக்கணும். பதில் தெரிஞ்சவங்க வலது கை, தெரியாதவங்க இடது கை. பாக்கறவங்களுக்குக் காடு மாதிரி கை தெரியும். டீச்சர் வலது கையாப் பாத்துக் கேட்டுக்குவாரு. யாருக்கும் நஷ்டமில்ல. தெரியாத புள்ளையையும் சபையில கேவலப்படுத்தாம காப்பாத்தறோம். இதை நான்தான் எங்க ஸ்கூலுக்குக் கொண்டு வந்தேன். ஆறாவதுலயே புள்ளைங்களைப் பிரிச்சுச் சொல்லிடுவேன், நீ இந்தக் கை, நீ அந்தக் கைன்னு. அப்புறம் மாத்தறதில்ல. மாத்தினாக் கொழப்பம்.

மிருதுளா இடது கை. என் பொண்ணுங்கறதுக்காக நான் பாரபட்சம் பாத்ததே இல்ல சார். அதுக்குப் பேச்சு வராது. வீட்டுலயே வாயைத் தொறக்காது. கேட்டா ம், இல்லாட்டி ம்ஹூம். அவங்கம்மா என்கிட்டச் சண்டைக்கு வந்தா, பெத்த புள்ளையவே இடது கையில வச்சிருக்கீங்களேன்னு. வாத்தியாருக்குச் சொந்தம் பந்தம் இருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன்.

ஏப்ரல்ல டெமோ கிளாஸ் வச்சாங்க. என் ஒம்பதாவது வகுப்புதான், ஆனா நின்னு கேள்வி கேக்கறது அந்தக் கிழவன். நாற்காலி எனக்குன்னு அன்னைக்கே அறிவிக்கறதாப் பேச்சு. கலாமணி பட்டுச்சேலை கட்டிக்கிட்டுப் பின்னாடி உக்காந்திருந்தா. பெத்தவங்க ரூம் கொள்ளாம நிக்கறாங்க, எல்லாரும் வெள்ளைக்காரனைப் பாக்க வந்தவங்க. நான் பாடத்துல கேள்வி எடுத்து, வலது கைப் புள்ளைங்களுக்குப் பதில் ஒப்பிக்க வச்சு எல்லாம் தயார் பண்ணிட்டேன். அந்தாளுகிட்ட ஏற்பாட்டைப் பத்திச் சொல்லல. அவன்கிட்ட எதுக்குச் சொல்லணும்? நான் பக்கத்துலயே நிக்கறேன், யாரைக் கேக்கணும்னு கண்ணைக் காட்டினாப் போச்சு.

அவன் கேள்வி கேட்டான். நான் குடுத்த கேள்வி இல்லீங்க. நேத்து சாயங்காலம் உங்க வீட்டுல என்ன நடந்துச்சுன்னு கேட்டான். இதெல்லாம் ஒரு கேள்வியா? எந்தப் பாடத்துல இருக்கு? இருந்தாலும் புள்ளைங்க என் பழக்கம், எல்லாம் கையத் தூக்கிடுச்சு. தூக்கினதும் அந்தாளு மூஞ்சியப் பாக்கணுமே. மலர்ந்து போச்சு. பாதிக்கு மேல இடது கை. தன் இடது கையைத் தூக்கிக் காட்டறான். என் வாழ்க்கையில இத்தனை இடது கைக்காரங்களை ஒரே எடத்துல பாத்ததில்லைங்கறான். சின்ன வயசுல இந்தக் கையில எழுதினதுக்கு அவங்க வாத்தியார் ஸ்கேல்லயே அடிப்பாராம். அதைப் பெத்தவங்களுக்குச் சொல்லி, இங்க அப்படி இல்ல, நல்ல பள்ளிக்கூடம்னு பாராட்டறான். பாராட்டிட்டு, இடது கையாப் பொறுக்கிப் பொறுக்கி எழுப்பறான் சார்.

நான் கண்ணைக் காட்டறேன், தலையை ஆட்டறேன், இருமறேன். பாத்தாத்தானே.

மொதல்ல கடைசி பெஞ்சு பையன் ஒருத்தன் எந்திரிச்சான். நாலு வருசத்துல அவன் என்கிட்டப் பேசினது ‘ப்ரெசென்ட் சார்’ மட்டும்தான். எங்க எருமை கன்னு போட்டுச்சுன்னு இங்கிலீஷ்ல தட்டுத் தடுமாறிச் சொல்றான். ஏகப்பட்ட தப்பு. பின்னாடி கை தட்டறாங்க. சரி, இத்தோட தொலையட்டும்னு பாத்தா, அடுத்தது மிருதுளாகிட்டப் போயிட்டான். நீயும் என்னை மாதிரி இடது கைதானான்னு கேக்கறான். அவ ‘நோ சார்’ன்னா.

அப்பவே விட்டிருக்கலாம். மனுசனா இருந்தா விட்டிருப்பான். அவன் போயிக் குனிஞ்சு, கையைக் காதுல வச்சுக்கிட்டு நிக்கறான். பின்ன ஏம்மா இந்தக் கையத் தூக்கினேன்னு கேக்கறான். அவ என்னைப் பாத்தா. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தலையை ஆட்டினேன். அவ தலையக் குனிஞ்சுக்கிட்டா. வேற வாத்தியாரா இருந்தா அடுத்த புள்ளைக்குப் போயிருப்பான். இவன் நிக்கறான். பஸ்ஸு நிறுத்தத்துல கெழவி ஏறட்டும்னு டிரைவரு நிப்பான் பாருங்க, அந்த மாதிரி நிக்கறான்.

மெதுவா என்னமோ சொன்னா. அவனுக்குக் கேக்கல. அகெயின், டியர்ங்கறான். இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொன்னா. அதுவும் கேக்கல. மூணாவது தடவை கத்தினா சார். என் மக கத்தி நான் கேட்டதே இல்ல. ‘ரைட் ஹேண்ட் நோ ஆன்சர். லெஃப்ட் ஹேண்ட் டோன்ட் நோ ஆன்சர். மை ஃபாதர் டோல்டு, லெஃப்ட் ஹேண்ட் நோபடி ஆஸ்க்.’

இலக்கணம்னு பாத்தா ஒரு வரிகூடத் தேறாது. ஆனா புரிஞ்சு தொலைச்சுது. புரியாதவங்களுக்கு ஒருத்தர் தமிழ்ல எடுத்துச் சொன்னாரு, வலது கைன்னா பதில் தெரியுமாம், இடது கைன்னா தெரியாதாம், யாரும் கேக்க மாட்டாங்களாம்னு. உன் அப்பா யாரும்மான்னு கேட்டான் கிழவன். அவ வலது கையால என்னைக் காட்டினா.

அப்புறம் ஒரு அம்மா எந்திரிச்சு, அவங்க பையனைப் பாத்து, டேய், நீ எந்தக் கைடான்னு கேட்டாங்க. அவ்வளவுதான். ரூம் பூரா அதே கேள்வி. நீ எந்தக் கை, நீ எந்தக் கை. ஒரு புள்ள அழுவுது. தாளாளர் என்னைப் பாக்கவே இல்ல. கலாமணி பட்டுச்சேலை முந்தானையத் தலையில போட்டுக்கிட்டு வெளிய போயிட்டா. பெத்த புள்ளையே சபையில வச்சு மூக்கை அறுத்தா எப்படி இருக்கும், சொல்லுங்க.

வீட்டுக்கு வந்து நான் அடிக்கல. கை ஓங்கினது கெடையாது. இத்தனை நாள் ஊமையா இருந்தியே, இனிமே என்கிட்ட ஊமையாவே இருன்னு மட்டும்தான் சொன்னேன். கோவத்துல சொன்னதுதான. அதை அப்படியே புடிச்சுக்கிட்டா. அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை கெடையாது. ம், ம்ஹூம்கூட இல்ல. சோறு ஆறுதுன்னாக்கூட அவங்கம்மா மூலமாத்தான் வரும். மத்தவங்ககிட்டப் பேசறா சார், அதுதான் வேடிக்கை. கொட்டற மாதிரிப் பேசறா. நான் உள்ள வந்தா நிறுத்திடுவா. அது பரவால்ல. எனக்கொண்ணுமில்ல. வீடு கொஞ்சம் அமைதியா இருக்கு, அவ்வளவுதான்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? டீக்கடைக்குப் போனா, சார், எந்தக் கையில டீ வாங்கறீங்கங்கறான். முடி வெட்டப் போனா அங்கயும் அதே சிரிப்பு. ஜூன்ல நாற்காலியில கணக்கு வாத்தியாரைத் தூக்கி வச்சுட்டாங்க. எனக்கு ஹாஸ்டல் மெஸ் மேற்பார்வைன்னாங்க. எம்.ஏ., எம்.ஃபில்., இட்லிக்கு மேற்பார்வை. ராஜினாமாக் கடுதாசியை எழுதி மேசையில வச்சுட்டு வந்துட்டேன்.

கிழவனா? அவனை மே மாசமே அனுப்பிட்டாங்க. போறதுக்கு முன்னாடி வீட்டுக்கு வந்தான், பிஸ்கட்டு டப்பாவோட. மன்னிப்புக் கேக்க வந்தானாம். நான் குளிக்கப் போயிட்டேன். அவன் போற வரைக்கும் குளிச்சேன். வெளிய வாசல்ல அவனும் மிருதுளாவும் பேசறது கேக்குது. இவ கத்திக் கத்திப் பேசறா, அவன் அகெயின் அகெயின்ங்கறான், ரெண்டும் சிரிக்குது. என்ன பேசிச்சுங்கன்னு தண்ணி சத்தத்துல தெரியல. கொழாயை மூடிட்டும் கேட்டுப் பாத்தேன். தெரியல.

மாலத்தீவு வேலை திருச்சி ஏஜெண்டு புடிச்சுக் குடுத்தது. வயசு பிரச்சினை இல்ல சார், வெளிநாட்டு வாத்தியார்னா அங்க தனி மரியாதைன்னாரு. ஒரு சின்னத் தீவு. அங்கயும் ஏற்கெனவே ஒரு வாத்தியார் இருப்பாருல்ல, உள்ளூர்க்காரர். எங்கிருந்தோ வந்தான் கெழவன்னு அவருக்கு வயிறு எரியும். எரியட்டும். அது வேற, இது வேற. நான் என்ன பஸ்ஸா ஓட்டினேன்?

இன்டர்வியூ போன்லயே வீடியோவுல வச்சாங்க. அந்த ஸ்கூல் பிரின்ஸிபால் ஒரு அம்மா. இலக்கணத்துல கேப்பாங்கன்னு நான் ராப்பகலாப் படிச்சு வச்சிருந்தேன். அந்தம்மா, உங்க வகுப்புல வாயே தொறக்காத புள்ள ஒண்ணு இருந்தா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியாம இல்ல சார். நெட்வொர்க் சரியில்ல. நான் பேசாம உக்காந்திருக்கேன், அந்தம்மா காத்துக்கிட்டே இருக்காங்க. எங்க இருந்துதான் வந்தாளோ, மிருதுளா வந்து என் தோளுக்கு மேல எட்டிப் பாத்து, நான்தான் மேடம் அந்தப் புள்ளைன்னு இங்கிலீஷ்ல சொல்றா. அந்தம்மா சிரிச்சுட்டாங்க. அப்புறம் ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசினாங்க. நான் நடுவுல உக்காந்திருந்தேன். போனை நேராப் புடிச்சுக்கிட்டு. வேலை குடுத்துட்டாங்க. என் எம்.ஃபில்லைப் பாத்துத்தான் குடுத்தாங்க, அதுல சந்தேகமே இல்ல. பேசி முடிச்சதும் அவ என்கிட்ட ஏதாவது சொல்லுவான்னு பாத்தேன். எந்திரிச்சுப் போயிட்டா.

இன்னைக்கு ஸ்டாண்டுக்கு வருவான்னே நான் நெனைக்கல. அவங்கம்மா பின்னாடி வந்து நின்னா. கலாமணி அழுவுது. இவ அழுவல, பேசவும் இல்ல. போயிட்டு வாங்கப்பான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. அதுக்கென்ன இலக்கணமா வேணும்? கண்டக்டர் விசில் அடிக்கற வரைக்கும் படியிலயே நின்னேன். ஒண்ணும் வரல. சரின்னு ஏறி உக்காந்துட்டேன்.

பஸ்ஸு நகரும்போது டாட்டா காட்டலாம்னு கையத் தூக்கினேன். வலது கையில சர்ட்டிபிகேட்டுப் பை இருக்கு. அதனால இந்தக் கையத்தான் தூக்கினேன், இடது கைய. பாத்துக்கிட்டே நின்னா. திடீர்னு சிரிச்சுட்டா சார். எதுக்குச் சிரிச்சான்னு எனக்கு இப்ப வரைக்கும் வெளங்கல. வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கறா, அவங்கம்மாகிட்டச் சொல்றா, அழுதுக்கிட்டிருந்த அதுவும் சிரிக்குது. அப்புறம் பஸ்ஸு கூடவே ஓடி வந்தா, பாத்தீங்கல்ல? ஓடி வந்து என்னைப் பாத்து என்னமோ சொன்னா. இஞ்சின் சத்தத்துல கேக்கல. என்ன என்னன்னு நான் குனிஞ்சு, காதுல கைய வச்சுக் கேக்கறேன். மறுபடி கத்திச் சொன்னா. அதுக்குள்ள இந்த மனுசன் ஹாரன் அடிச்சுத் திருப்பிட்டாரு. அதான் சொல்றேன், டிரைவருங்களே இப்படித்தான்.

நீங்கதான சார் ஜன்னலோரம் இருந்தீங்க. ரெண்டு தடவை சொன்னா. உங்களுக்குக் கேட்டிருக்கும். என்ன சொன்னா?